மேகம் பார்த்த ராணுவம்: வளிமண்டலத் தொலையுணர்வும் வானிலைச் செயற்கைக்கோள்களும்

1. போரும் வானிலையும்

காற்றையும் மேகத்தையும் நீராவியையும் தொடாமலே, அவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சையோ அவற்றின் ஊடே கடந்துவரும் கதிர்வீச்சையோ கொண்டு அளக்கும் முறைக்கு வளிமண்டலத் தொலையுணர்வு என்று பெயர். வெப்பமானி தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே சொல்லும். தொலையுணர்கருவி எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு ஒரு பெருங்கடல் முழுவதையும் அளக்கும். இந்த அறிவியலின் அடிப்படைக் கருவிகளிலும் கணக்கு முறைகளிலும் தரவுத் தொகுப்புகளிலும் கணிசமானவை பனிப்போர்க் காலத்தில் ராணுவப் பணத்தில், ராணுவத் தேவைக்காக உருவானவை. அந்த வரலாற்றை மிகத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்காவின் அனுபவம். அதன் ரகசிய ஆவணங்களில் பெரும்பகுதி இப்போது வெளிவந்துவிட்டது.

படைகளுக்கு வானிலை எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டாம் உலகப்போரின் இரு நிகழ்ச்சிகள் காட்டும். 1944 ஜூன் 5-இல் நடக்கவிருந்த நார்மண்டி தரையிறக்கம், பிரிட்டிஷ் வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக் தந்த முன்னறிவிப்பால் ஒரு நாள் தள்ளிப்போனது. அதே ஆண்டு டிசம்பர் 18-இல், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அட்மிரல் ஹால்சியின் அமெரிக்கக் கப்பற்படை ஒரு சூறாவளிக்குள் சிக்கியது. மூன்று அழிப்புக் கப்பல்கள் மூழ்கின. ஏறத்தாழ 790 பேர் இறந்தனர். முதல் நிகழ்ச்சியில் கணிப்பு கைகொடுத்தது. இரண்டாவதில் புயல் எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

அமைதிக் காலத்தில் நாடுகள் வானிலை அளவீடுகளைத் தந்தி மூலம் பரிமாறிக்கொள்ளும். போர் வந்தால் அவை சங்கேதக் குறிகளுக்குள் மறைந்துவிடும். எதிரி நிலத்தின் மேல் என்ன மேகம் இருக்கிறது என்பதை எதிரியைக் கேட்காமல் அறிய வேண்டிய தேவை இப்படித்தான் பிறந்தது. தரை நிலையங்களாலும் பலூன்களாலும் இதைச் செய்ய முடியாது. மேலிருந்து பார்த்தால்தான் முடியும்.

2. ராக்கெட்டில் ஏறிய கேமரா

மேலிருந்து பார்க்கும் முதல் வாய்ப்பைக் கொடுத்தது ஜெர்மனியில் கைப்பற்றிய வி-2 ஏவுகணை. 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு வி-2, 35 மில்லிமீட்டர் படச்சுருள் கேமராவோடு ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. ஏவுகணை தரையில் மோதி நொறுங்கினாலும், எஃகுப் பெட்டிக்குள் இருந்த படச்சுருள் தப்பியது. பூமியின் வளைவும் மேகப் பரப்பும் ஒரே படத்தில் முதன்முறையாகத் தெரிந்தன.

1951 ஏப்ரலில், அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த ராண்ட் நிறுவனத்தில் கிரீன்ஃபீல்ட், கெல்லாக் என்ற இருவர் ஒரு ரகசிய அறிக்கை எழுதினர். செயற்கைக்கோளிலிருந்து வானிலையை உளவறிய முடியுமா என்பதே அதன் கேள்வி. வெப்பத்தையோ காற்றழுத்தத்தையோ கேமராவால் அளக்க முடியாது; ஆயினும் மேகங்களின் வடிவத்தையும் அடுக்கையும் கொண்டே காற்றழுத்தத் தாழ்வுகளையும் வெப்ப முகப்புகளையும் இனங்காணலாம் என்று அவர்கள் காட்டினர். முதல் செயற்கைக்கோள் ஏறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே வந்த கருத்து இது. 1954 அக்டோபர் 5 அன்று கடற்படை ஏவிய ஏரோபீ ராக்கெட்டின் படங்களில், டெக்சாஸின் டெல் ரியோ அருகே ஒரு வெப்பமண்டலப் புயலின் சுழல் தெரிந்தது. தரை நிலையங்களின் வலைக்கு அது சிக்கியிருக்கவில்லை. ராண்ட் அறிக்கையின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்க முடியாது.

செயற்கைக்கோள்களில் முதல் முயற்சி தோற்றது. ராணுவத் தொடர்புப் பிரிவின் மேகம் அளக்கும் கருவியோடு 1959 பிப்ரவரியில் ஏறிய வேன்கார்ட்-2 தள்ளாடிச் சுழன்றதால் அதன் அளவீடுகள் பயன்படவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-இல் ஏறிய டைரோஸ்-1 வெற்றி கண்டது. ஏறத்தாழ 122 கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோள் 78 நாட்களில் 22,952 படங்கள் அனுப்பியது. உலகின் முதல் வானிலைச் செயற்கைக்கோள் என்று நாசாவின் பெயரில் அறியப்படும் டைரோஸின் பிறப்பிடமும் ராணுவம்தான். ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சிக் கேமராவோடு கூடிய உளவுச் செயற்கைக்கோளாக முன்வைத்த திட்டம் விமானப்படையின் ஒப்பந்தத்தைப் பெறவில்லை. தரைப்படை அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கேமராவின் பிரிதிறன் உளவுக்குப் போதாது, மேகத்துக்குப் போதும் என்ற நிலையில் அது வானிலைத் திட்டமாக மாறி, 1959-இல் நாசாவின் கைக்கு வந்தது.

3. படச்சுருளை மறைத்த மேகம்

டைரோஸ் பறந்துகொண்டிருக்கும்போதே ராணுவம் ஏன் தனக்கென ஒரு வானிலைச் செயற்கைக்கோளைக் கட்டியது? விடை கொரோனா என்ற உளவுத் திட்டத்தில் இருக்கிறது. சோவியத் ஏவுகணைத் தளங்களைப் படமெடுத்த கொரோனா செயற்கைக்கோள்கள் படச்சுருளை ஒரு கூட்டில் வைத்துப் பூமிக்கு அனுப்பின. பாராசூட்டில் இறங்கும் கூட்டை விமானம் ஒன்று நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். 1960 ஆகஸ்டில் ஹவாய் அருகே இது முதன்முறையாக வெற்றி பெற்றது. ஆனால் செயற்கைக்கோளில் இருந்த படச்சுருளின் நீளம் கணக்கானது. தொடக்கக் காலப் படங்களில் பெரும்பகுதியை மேகமே நிரப்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ராக்கெட், ஒரு செயற்கைக்கோள், ஒரு விமானப் படையணி செலவாகி, கைக்கு வந்தது வெள்ளைப் பஞ்சுப் பரப்பு.

டைரோஸால் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. அதன் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 48 பாகை மட்டுமே சாய்ந்தது. சோவியத் நாட்டின் வடபகுதியை அது பார்க்கவில்லை. அதன் சுழலச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கி நின்றதால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம்தான் கேமரா பூமியைப் பார்த்தது. நாசா திட்டமிட்ட நிம்பஸ் செயற்கைக்கோள் இன்னும் பல ஆண்டுகள் தள்ளி இருந்தது. உளவுச் செயற்கைக்கோள்களுக்கான தேசிய உளவு அலுவலகத்தின் முதல் இயக்குநரான ஜோசப் சாரிக், 1961-இல் ஒரு தற்காலிக ஏற்பாடாக ரகசிய வானிலைத் திட்டத்துக்கு அனுமதி தந்தார். விமானப்படை லெப்டினன்ட் கர்னல் தாமஸ் ஹேக் அதன் தலைவரானார். குறைந்த ஆட்கள், நிலையான விலைக்கு ஒப்பந்தம், குறுகிய காலக்கெடு என்பவை அவர் வைத்த நிபந்தனைகள். திட்டத்துக்கு எண் மட்டுமே பெயராக இருந்தது: 35.

ஆர்.சி.ஏ. கட்டிய இந்தச் செயற்கைக்கோளின் எடை ஏறத்தாழ 45 கிலோதான். அதன் முக்கியமான புதுமை சுழலும் விதத்தில் இருந்தது. சாலையில் உருளும் சக்கரம்போல, சுழலச்சு பாதைக்குக் குறுக்காக இருக்குமாறு அது சுற்றியது. பக்கவாட்டில் பதித்த கேமரா ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை நேர்கீழே பூமியைப் பார்க்கும். அடிவானத்தை உணரும் அகச்சிவப்புக் கருவி அந்தக் கணத்தில் படமெடுக்கத் தூண்டும். அச்சு விலகினால், கம்பிச் சுருளில் மின்னோட்டம் செலுத்திப் பூமியின் காந்தப்புலத்தின் துணையால் அதைத் திருத்தலாம், எரிபொருள் வேண்டாம். இந்த முறை நன்றாக வேலை செய்ததால், 1965 ஜனவரியில் ஏறிய டைரோஸ்-9-உம் அதன்பின் வந்த குடிமைச் செயற்கைக்கோள்களும் இதையே கைக்கொண்டன.

சுற்றுப்பாதையும் புதியது. ஏறத்தாழ துருவங்களின் மேல் செல்லும் பாதையைச் சற்றே சாய்த்து வைத்தால், பூமியின் நடுப்பகுதி பருத்திருப்பதன் ஈர்ப்பால் அந்தப் பாதையின் தளம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை திரும்பும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதுவே. ஆகவே செயற்கைக்கோள் ஒவ்வோர் இடத்தையும் தினமும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே வெளிச்சத்தில் ஒப்பிடலாம். உலகின் துருவச் சுற்றுப்பாதை வானிலைச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இன்றும் இந்தச் சூரிய ஒத்திசைவுப் பாதையில்தான் செல்கின்றன.

1962 மே மாதம் கலிபோர்னியாவிலிருந்து ஏவிய முதல் செயற்கைக்கோள் ராக்கெட் கோளாறால் விழுந்தது. ஆகஸ்ட் 23-இல் ஏறியது நிலைத்தது. படங்கள் நெப்ராஸ்காவின் ஆஃபட் தளத்தில் இருந்த விமானப்படை வானிலை மையத்துக்குச் சென்றன. கொரோனா எப்போது கேமராவைத் திறக்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்த முன்னறிவிப்பைப் பொறுத்தது. அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது, கரீபியன் வானத்தில் மேகம் விலகும் நேரத்தைப் பார்த்து உளவு விமானங்களை அனுப்பவும் இதே படங்கள் பயன்பட்டன.

4. வியட்நாமும் ரகசியத்தின் முடிவும்

1965 முதல் படங்களைச் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் பெறும் நிலையங்கள் தென்கிழக்கு ஆசியாவில் அமைந்தன. சைகோனின் தான் சன் நூட் தளத்திலும் தாய்லாந்தின் உடோனிலும் இருந்த வானிலை அதிகாரிகள், வட வியட்நாமின் மேல் அன்று காலை இருந்த மேகத்தைச் சில நிமிடங்களில் பார்த்தனர். பருவக்காற்று நாட்டில் குண்டுவீச்சு விமானங்களின் பயணத் திட்டம் இந்தப் படங்களைச் சுற்றியே அமைந்தது. 1970 நவம்பரில் சன் டே சிறை முகாமின் மீது நடந்த மீட்புத் தாக்குதல், பேட்சி சூறாவளி நெருங்குவதைக் கணித்து ஒரு நாள் முன்னதாகவே நடத்தப்பட்டது. வீரர்கள் இறங்கியபோது முகாமில் கைதிகள் இல்லை. அவர்கள் முன்பே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். வானிலைக் கணிப்பு சரியாக இருந்தும் உளவுத் தகவல் தவறிய நிகழ்ச்சி அது.

அதே போரில் வானிலையை அறிவதோடு நில்லாமல் அதை மாற்றும் முயற்சியும் நடந்தது. 1967 முதல் 1972 வரை ஹோ சி மின் பாதையின் மேல் மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவி மழையை நீட்டிக்க முயன்ற பாப்பாய் நடவடிக்கை வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. சுற்றுச்சூழலை மாற்றும் உத்திகளைப் போரில் பயன்படுத்தத் தடை விதிக்கும் சர்வதேச உடன்படிக்கை 1977-இல் கையெழுத்தாகி, 1978 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. போரில் வானிலையை மாற்றுவதற்குத் தடை உண்டு. பார்ப்பதற்கு எந்த நாட்டின் அனுமதியும் வேண்டாம் என்ற நிலை அதன்பின் உறுதிப்பட்டது.

போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றை ரகசியமாக வைத்திருப்பது கடினம். 1972 இறுதியில் ரகசியத்தை நீக்க முடிவாகி, 1973 மார்ச்சில் விமானப்படைத் துணைச் செயலர் ஜான் மெக்லூகஸ் திட்டத்தை வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பாதுகாப்பு வானிலைச் செயற்கைக்கோள் திட்டம் என்ற பெயர் வந்தது. ஆங்கில முதலெழுத்துகளில் டி.எம்.எஸ்.பி. அதன் படங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. திட்டத்தின் அறிவியல் மதிப்பு வெளியுலகுக்குத் தெரியத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

5. நிலவொளியில் மேகம்

1976 செப்டம்பரில் ஏறிய புதிய தலைமுறைச் செயற்கைக்கோளில் வரிவரியாக வருடும் கருவி ஒன்று இருந்தது. ஏறத்தாழ 830 கிலோமீட்டர் உயரத்தில், 101 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, 3,000 கிலோமீட்டர் அகலப் பட்டையை அது படமெடுத்தது. கட்புல ஒளியில் ஒரு படம், 10 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்ப அகச்சிவப்பில் இன்னொரு படம். உயர்ந்த மேகம் குளிர்ந்திருக்கும், தாழ்ந்த மேகம் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், அகச்சிவப்புப் படம் மேகத்தின் உயரத்தையே காட்டியது. நுண்ணிய பிரிதிறன் 0.56 கிலோமீட்டர், உலகம் முழுவதற்குமான தொகுப்புப் படத்தில் 2.7 கிலோமீட்டர்.

இரவிலும் மேகம் தெரிய வேண்டும் என்று ராணுவம் கேட்டது. அதற்காக ஒளிப்பெருக்கிக் குழல் ஒன்றைச் சேர்த்தனர். நிலவொளியில் தெரியும் மேகத்தையும் அது பதிவுசெய்யும். நிலவு இல்லாத இரவுகளில் அதே குழல் நகர விளக்குகளையும் எண்ணெய் வயல்களில் எரியும் வாயுச் சுடர்களையும் காட்டுத்தீயையும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளையும் காட்டியது. மேகம் பார்க்கச் செய்த கருவிக்கு இவை வேண்டாத வெளிச்சம். 1970-களில் தாமஸ் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் இவற்றின் பயனை எடுத்துக்காட்டினார். படங்கள் 1992 வரை படச்சுருள்களாகவே கிடைத்தன. அதன்பின் எண்வடிவக் காப்பகம் உருவானது. மின்வசதி பரவுவதையும் நகரங்கள் விரிவதையும் பொருளாதாரம் வளர்வதையும், அரசுப் புள்ளிவிவரம் நம்பத் தகாத நாடுகளில்கூட, இரவு வெளிச்சத்தைக் கொண்டு மதிப்பிடும் தனித்துறை இந்தக் காப்பகத்திலிருந்து வளர்ந்தது. 2011 அக்டோபரில் ஏறிய சுவோமி செயற்கைக்கோளில் உள்ள பகல்-இரவுக் கருவி இந்தப் பணியின் குடிமை வாரிசு.

6. அகச்சிவப்பும் காற்றின் தடைகளும்

படமெடுப்பது தொலையுணர்வின் ஒரு பாதி. காற்று எந்த அலைநீளத்தை விடும், எதை விழுங்கும் என்று அறிவது மறுபாதி. இந்த மறுபாதியில் ராணுவத்தின் பங்கு இன்னும் ஆழமானது. பொதுமக்களுக்கு அதிகம் தெரியாததும் அதுவே.

ஜெட் விமானத்தின் வெப்பத்தை நாடிச் செல்லும் ஏவுகணை அகச்சிவப்பை உணர்கிறது. விமானத்தின் புகையில் உள்ள சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டரில் வலுவாக ஒளிரும். ஆனால் இடையில் உள்ள காற்றின் கார்பன் டை ஆக்சைடு அதே அலைநீளத்தில் அந்த ஒளியை விழுங்கிவிடும். எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு ஒளி மிஞ்சும் என்பதைக் கணக்கிடாமல் உணர்கருவியை வடிவமைக்க முடியாது. 1970 முதல் ஏவப்பட்ட அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கைச் செயற்கைக்கோள்கள் இதே தடையைச் சாதகமாக்கிக்கொண்டன. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் விழுங்கும் 2.7 மைக்ரோமீட்டர்ப் பட்டையில் பார்த்தால், தரையின் வெளிச்சம் மேலே வராது. காற்றின் அடர்ந்த அடுக்கைத் தாண்டி எழும் ஏவுகணையின் தழல் மட்டும் தெரியும்.

இந்த ஆய்வின் துணைவிளைவு ஒன்று தட்பவெப்ப அறிவியலின் வரலாற்றில் இடம்பெற்றது. அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் நிதியில் அகச்சிவப்பு உட்கவர்தலைக் கணக்கிட்ட கில்பர்ட் பிளாஸ், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி வெப்பமாகும் என்ற கணக்கை 1956-இல் வெளியிட்டார். தாழ்ந்த அடுக்குகளில் உட்கவர்தல் முழுமையடைந்துவிட்டது, இனிக் கூடுதல் வாயுவால் விளைவு இல்லை என்ற பழைய மறுப்பைத் தகர்த்த ஆய்வுகளில் அது முக்கியமானது.

மாசசூசெட்ஸின் ஹான்ஸ்கம் தளத்தில் இருந்த விமானப்படைக் கேம்பிரிட்ஜ் ஆய்வகங்களில் இந்தக் கணக்குகள் ஒழுங்குபட்டன. 1972 முதல் வெளிவந்த லோட்ரான் என்ற கணினி நிரல், காற்றின் ஊடுருவலைத் தோராயமாக விரைந்து கணித்தது. பின்னர் வந்த மாட்ரான் அதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. மூலக்கூறுகளின் ஒவ்வொரு நிறமாலைக் கோட்டையும் அதன் இடம், வலிமை, அகலம் ஆகியவற்றோடு பட்டியலிட்ட ஹைட்ரான் தொகுப்பு 1973-இல் முதன்முதலாக வெளியானது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, ஓசோன், நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், ஆக்சிஜன் என்ற ஏழு வாயுக்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோடுகள் அதில் இருந்தன. இன்று அது ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் பராமரிக்கப்படுகிறது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது. பூமியின் மீத்தேன் அளவைச் செயற்கைக்கோளால் கணிப்பவரும், வேற்றுக் கோள்களின் காற்றில் நீராவி தேடும் வானியலாளரும் நாடுவது இந்தப் பட்டியலைத்தான்.

தடையே தகவலாகும் முறையும் இங்கிருந்து விளங்கும். கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரோமீட்டரைச் சுற்றி வலுவாக விழுங்குகிறது. அந்தப் பட்டையின் நடுவில் செயற்கைக்கோளுக்கு எட்டும் ஒளி காற்றின் மேலடுக்கிலிருந்து மட்டும் வரும். ஓரத்தில் வரும் ஒளி கீழடுக்கிலிருந்து வரும். பல அலைநீளங்களில் அளந்தால் அடுக்கடுக்காக வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று லூயிஸ் காப்லன் 1959-இல் காட்டினார். 1969-இல் நிம்பஸ்-3 அதைச் செயலில் காட்டியது. இன்றைய எண்முறை வானிலை மாதிரிகளுக்கு அன்றாடம் ஊட்டப்படும் தரவில் பெரும்பங்கு இவ்வகைச் செங்குத்து அளவீடுகளே.

7. மேகத்தின் ஊடே நுண்ணலை

அகச்சிவப்புக்கு மேகம் ஒரு சுவர். நுண்ணலைக்கு அது ஏறக்குறைய கண்ணாடி. 1987 ஜூனில் ஏறிய எஃப்-8 என்ற டி.எம்.எஸ்.பி. செயற்கைக்கோளில் எஸ்.எஸ்.எம்.ஐ. என்ற நுண்ணலைக் கதிர்வீச்சுமானி இருந்தது. பூமி இயல்பாக உமிழும் நுண்ணலையை 19.35, 22.235, 37, 85.5 கிகாஹெர்ட்ஸ் என்ற நான்கு அதிர்வெண்களில், 1,400 கிலோமீட்டர் அகலப் பட்டையில் அது அளந்தது. கடற்படைக்கு வேண்டியவை கடற்காற்றின் வேகம், மழை, கடற்பனியின் எல்லை. தரைப்படைக்கு வேண்டியவை மண்ணின் ஈரமும் பனிப்படிவும்.

ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனி வேலை உண்டு. அமைதியான கடல் நுண்ணலையைக் குறைவாகவே உமிழும்; அதனால் குளிர்ந்ததாகத் தெரியும். காற்று கடலைக் கலக்கி நுரை எழுப்பினால் உமிழ்வு கூடும். அந்த மாற்றத்திலிருந்து காற்றின் வேகம் கிடைக்கும். 22.235-இல் நீராவி விழுங்குவதால் காற்றில் உள்ள மொத்த ஈரம் தெரியும். 85.5-இல், உயர்ந்த மழைமேகங்களின் பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிர்வீச்சைச் சிதறடிப்பதால் வலுத்த மழைப்பகுதி குளிர்ந்த திட்டாகத் தெரியும்.

இந்தக் கடைசிப் பயன் வெப்பமண்டலப் புயல்களின் ஆய்வையே மாற்றியது. சாதாரணப் படத்தில் புயலின் நடுவை மெல்லிய உயர்மேகம் மூடியிருக்கும். கண் உருவாகிவிட்டதா என்பது தெரியாது. நுண்ணலைப் படத்தில் மேல்மூட்டம் மறைந்து, கண்ணைச் சூழ்ந்த மழைச்சுவரும் அதன் வளைந்த மழைக்கரங்களும் வெளிப்படும். புயல் திடீரென வலுக்கப்போவதன் அறிகுறி பெரும்பாலும் முதலில் இதில்தான் தெரியும். 1959-இல் குவாமில் தொடங்கி, 1999 முதல் பேர்ல் ஹார்பரிலிருந்து இயங்கும் அமெரிக்கக் கடற்படை, விமானப்படைக் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம் வங்காள விரிகுடாவையும் கண்காணிக்கிறது. இந்தக் கடலுக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கை தருவது இந்திய வானிலை ஆய்வுத் துறையே. எனினும் தமிழகக் கரையையோ ஆந்திரக் கரையையோ நோக்கி வரும் புயலின் கண்ணைத் தேடுவோருக்கு டி.எம்.எஸ்.பி.யின் நுண்ணலைப் படங்களும் பல ஆண்டுகள் துணைநின்றன.

இன்னொரு பெரும்பயன் துருவங்களில் கிடைத்தது. ஆறு மாத இருளிலும் மேகத்திலும் மறைந்திருக்கும் கடற்பனியை நுண்ணலை மட்டுமே நாள்தோறும் அளக்கும். 1978-இல் நிம்பஸ்-7 தொடங்கிய பதிவை 1987 முதல் டி.எம்.எஸ்.பி. கருவிகள் தொடர்ந்தன. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது என்ற அளவு இந்தத் தொடரிலிருந்து வந்தது. நீர்மூழ்கிகளுக்கும் கப்பல்களுக்கும் பனி எல்லையைச் சொல்ல ஏவிய கருவி, புவி வெப்பமாதலின் மிக நீண்ட சான்றுகளில் ஒன்றைத் தந்தது.

8. பகைநாடுகளின் பரிமாற்றமும் திறந்த ஒலிபரப்பும்

சோவியத் ஒன்றியமும் இதே பாதையில் வந்தது. காஸ்மாஸ் என்ற பொதுப்பெயருக்குள் சோதித்த வானிலைச் செயற்கைக்கோள்கள், 1969 மார்ச்சில் மீட்டியோர் என்ற பெயரில் முறையாக இயங்கத் தொடங்கின. 1962-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1966 செப்டம்பர் முதல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே வானிலைப் படங்கள் பரிமாறப்பட்டன. அணு ஆயுதங்களைக் குறிவைத்து நின்ற இரு நாடுகள் மேகப் படங்களைப் பகிர்ந்துகொண்டன.

படத்தை யாருக்குத் தருவது என்பதில் ராணுவமும் குடிமை அமைப்புகளும் வேறுபட்டன. 1963 டிசம்பரில் ஏறிய டைரோஸ்-8, தானியங்கிப் பட ஒலிபரப்பைத் தொடங்கியது; எளிய ஆண்டெனா வைத்திருக்கும் எந்த நாடும் தன் தலைக்கு மேல் உள்ள மேகத்தைப் பார்க்கலாம். சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது பம்பாயில் அமைந்த நிலையமும் இப்படங்களைப் பெற்றது. டி.எம்.எஸ்.பி.யின் நேரடி ஒலிபரப்போ சங்கேதக் குறியில் சென்றது. உலகு முழுவதும் பரவிய வானிலைப் பழக்கம் திறந்த ஒலிபரப்பிலிருந்து வளர்ந்தது. மூடிய ஒலிபரப்பு தன் அறிவியல் பயனைத் தாமதமாகவே அடைந்தது.

9. கடற்காற்றின் திசையும் வளையும் வானொலி அலையும்

ராணுவக் கருவி எதிர்பாராத அறிவியல் கருவியாவதற்கு இடங்காட்டிச் செயற்கைக்கோள்களும் சான்று. அமெரிக்க ராணுவம் வழிகாட்டலுக்கு நிறுவிய ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் வானொலி அலை, அடிவானத்தை உரசிக் காற்றின் ஊடே வரும்போது வளைகிறது. எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து காற்றின் அடர்த்தியும் வெப்பமும் ஈரமும் கிடைக்கும். 1995 ஏப்ரலில் ஏறிய சிறு செயற்கைக்கோள் இதை நிரூபித்தது. 2006-இல் அமெரிக்காவும் தைவானும் சேர்ந்து ஏவிய ஆறு செயற்கைக்கோள்கள் இதை அன்றாட முன்னறிவிப்புக்குக் கொண்டுவந்தன.

2003 ஜனவரியில் கடற்படை ஆய்வகம் அனுப்பிய விண்ட்சாட் கருவி, கடல் உமிழும் நுண்ணலையின் முனைவாக்கத்தை முழுமையாக அளந்து, காற்றின் வேகத்தோடு திசையையும் கணிக்க முடியும் என்று காட்டியது.

எதிர்மறைச் சான்றும் உண்டு. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய ஃபெங்யுன்-1சி வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், மற்ற நாடுகளின் வானிலைச் செயற்கைக்கோள்கள் செல்லும் அதே உயரப் பட்டையில் சிதறின.

10. இணைத்ததும் பிரித்ததும்

ஒரே வேலைக்கு இரு தொடர் செயற்கைக்கோள்கள் எதற்கு என்ற கேள்வி அமெரிக்காவில் பலமுறை எழுந்தது. 1994 மே மாதம் அதிபர் கிளின்டன் ராணுவ, குடிமைத் தொடர்களை ஒன்றாக்க ஆணையிட்டார். நடைமுறையில், ஒவ்வொரு துறையும் தன் தேவையை ஒரே செயற்கைக்கோளில் ஏற்ற, கருவிகள் சிக்கலாகி, செலவு ஏறத்தாழ இரு மடங்காகி, காலக்கெடு தொடர்ந்து தள்ளிப்போனது. 2010 பிப்ரவரியில் திட்டம் பிரிக்கப்பட்டது. குடிமைப் பகுதி உயிர்பிழைத்தது. பிரிந்த கூட்டுத் திட்டத்துக்கு மாற்றாக ராணுவம் தொடங்கிய புதிய திட்டம் 2012-இல் கைவிடப்பட்டது. ஹேக் 1961-இல் வைத்த சிறிய அணி, எளிய கருவி, நிலையான விலை என்ற நிபந்தனைகளுக்கு நேர்மாறான பாதை இது.

இடைவெளியைப் பழைய செயற்கைக்கோள்கள் நிரப்பின. எஃப்-13 மின்கலக் கோளாறால் 2015 பிப்ரவரியில் சிதறியது. 2014 ஏப்ரலில் ஏறிய எஃப்-19 இரண்டு ஆண்டுகளுக்குள் கட்டளைக்குப் பணியாமல் போனது. வரிசையில் கடைசியான எஃப்-20, கட்டி முடித்தும், நிதி மறுக்கப்பட்டதால் விண்ணுக்குச் செல்லவே இல்லை. நுண்ணலைக் கருவி தாங்கிய புதிய ராணுவச் செயற்கைக்கோள் 2024 ஏப்ரல் 11-இல்தான் ஏறியது.

2025 ஜூனில், எஞ்சிய டி.எம்.எஸ்.பி. செயற்கைக்கோள்களின் நுண்ணலைத் தரவைப் பொதுவில் வழங்குவது சில நாட்களில் நிற்கும் என்ற அறிவிப்பு வந்தது. அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பின் கெடு ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு வழங்கல் தொடரும் என்று கடற்படை அறிவித்தது. திட்டம் முறையாக முடியும் காலமாக 2026 செப்டம்பர் குறிக்கப்பட்டது. கடற்பனியை அளக்கும் மையங்கள் ஜப்பானியச் செயற்கைக்கோளின் கருவிக்கு மாறும் வேலையை விரைவுபடுத்தின. டி.எம்.எஸ்.பி.யின் நாற்பதாண்டுகளை நெருங்கும் நுண்ணலைப் பதிவு ஒரு நிர்வாக அறிவிப்பால் அறுபடக்கூடும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

11. மதிப்பீடு

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, தொடக்கச் செலவைப் பற்றியது. மேகத்தின் ஊடே பார்க்கும் கருவி, நிலவொளியில் பார்க்கும் கருவி, மூலக்கூறுகளின் நிறமாலைப் பட்டியல் ஆகியவற்றின் முதற்செலவை ஏற்கும் அளவு அவசரமும் பணமும் அந்தக் காலத்தில் ராணுவத்திடம்தான் இருந்தன. இரண்டாவது, பயனைப் பற்றியது. இவற்றின் பெரும்பயன் ரகசியம் நீங்கிய பிறகே கிடைத்தது. நகர விளக்குகளின் வரைபடமும் கடற்பனியின் பதிவும் புயலின் கண்ணும், தரவு வெளியே வந்ததால் அறிவியலாயின. மூன்றாவது, தொடர்ச்சியைப் பற்றியது. இன்றைய மேகத்தை மட்டும் அறிய வேண்டிய படைக்கு நேற்றைய பதிவு தேவையில்லை. தட்பவெப்பத்தை அறிய வேண்டிய சமூகத்துக்கு அந்தப் பதிவுதான் முதல். ராணுவத்தின் தேவை தீர்ந்ததும் நின்றுவிடக்கூடிய ஏற்பாட்டில் அப்படிப்பட்ட பதிவை விட்டுவைப்பது பிழை. அதைக் காக்கும் பொறுப்பைக் குடிமை நிறுவனங்களும், தங்களுக்கெனச் செயற்கைக்கோள் வைத்திருக்கும் இந்தியா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள் போன்றவையும் பகிர்ந்து ஏற்க வேண்டும்.